வாய் திறக்கும் பூட்டு

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் காலை பதினோரு மணிக்கு நடந்து பாருங்கள். ஆபீஸ் போகிறவர்கள் போயிருப்பார்கள். பள்ளிக்கூட வேன்களும் வந்து போயிருக்கும். தெருவில் ஆட்களைவிட கேட்டுகள்தான் அதிகம் கண்ணில் படும். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று யாரையும் விசாரிக்காமலே சொல்லிவிடலாம். வெளிப்பக்கம் பூட்டு தொங்குகிறதா? உள்ளே யாரும் இல்லை. வாசலில் கோலமும் இல்லை, பால் பாக்கெட் பை காலையில் மாட்டியபடியே இருக்கிறது என்றால், வீட்டுக்காரர்கள் ஊருக்கே போயிருக்கிறார்கள்.

கதவுக்குள் பதித்த பூட்டுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிலிருந்து பூட்டினாலும் அது ஒரே மாதிரி இருக்கும். தொங்கும் பூட்டு அப்படியில்லை. வெளியே நின்று கொண்டியில் மாட்டினால்தான் அது தொங்கும். மாட்டியவர் வெளியே போய்விட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாம் நிறுத்திவிட்டுப் போகும் காவலாளி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் “ஐயா ஊரில் இல்லை” என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறான்.

புறநகர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தகடு அடித்த கேட்டில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை. வெளியே போகிறவர் கேட்டைச் சாத்திவிட்டு, அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, மணிக்கட்டைத் தன் பக்கமாக மடக்கி, பூட்டை உள்பக்கக் கொண்டியில் மாட்டுகிறார். திரும்பி வரும்போதுதான் கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத சாவித் துளையை ஆள்காட்டி விரலால் தடவிப் பிடித்து, சாவியை அதில் சேர்க்க வேண்டும். மழை நாளில், ஒரு கையில் காய்கறிப் பையும் இருந்தால், சாவி நழுவி உள்ளே விழுந்துவிடும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் சுவரேறிக் குதித்தால்தான் உண்டு. இவ்வளவு தொல்லையும் ஒரே ஒரு காரியத்துக்காக: பூட்டு உள்ளிருந்து போட்டதா, வெளியிலிருந்து போட்டதா என்று தெருவுக்குத் தெரியக் கூடாது.

பூட்டு என்றால் இரும்பு, கனம், உறுதி என்றுதான் நமக்குத் தோன்றும். பூட்டின் அறிவியலைப் படித்தால் வேறொரு கதை தெரிகிறது. பூட்டு உடைபடுவதைவிட, வாய் திறந்து உளறிவிடுவதால் தோற்பதுதான் சுவாரசியமான பகுதி. வெளியே மட்டுமல்ல, தன் வயிற்றுக்குள்ளும் அது பேசிக்கொண்டே இருக்கிறது.

அந்த வயிற்றைப் பிரித்துப் பார்க்க ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து நானூறு கிலோமீட்டர் தெற்கே, திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பூட்டுக்கென்று பெயர் வாங்கிய ஊர் அது. மாங்காய் வடிவத்தில் செய்த மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று இரும்பிலும் பித்தளையிலும் கையால் செய்த பூட்டுகள் அங்கிருந்து போகாத ஊர் இல்லை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடக்கே இதே தொழிலுக்கு அலிகர். பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ல் பூட்டுத் தொழில் தொடங்கிய பிறகு, ஆலையில் வார்த்த பூட்டும் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. விலை மலிந்த ஆலைப் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் திண்டுக்கல் பட்டறைகள் சுருங்கிப்போனது இந்தத் தொழிலின் வருத்தமான பக்கம்.

திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் பிரித்தால், உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கடைக்காரர் “ஆறு லீவர், எட்டு லீவர்” என்று சொல்வது இவற்றைத்தான். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு இருக்கிறது. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று குறித்த உயரத்துக்குத் தூக்கும். எல்லா வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நின்றால், தாழோடு சேர்ந்த ஒரு முளை அந்த வழியில் நுழையும், தாழ் நகரும், வளையம் விடுபடும். ஏதாவது ஒரு தகடு ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தாலும் முளை முட்டிக்கொண்டு நிற்கும். உயர்ந்திருந்தாலும் அப்படியே. இந்த “உயர்ந்தாலும் ஆகாது” என்பதுதான் முக்கியம். அதற்கு முந்தைய பூட்டுகளில் தகட்டை மேலே தள்ளிவிட்டால் போதும், எவ்வளவு என்ற கணக்கில்லை. குறைந்தாலும் கூடாது, மிகுந்தாலும் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு 1778-ல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன்.

இன்று கடைகளில் அதிகம் விற்பது இன்னொரு வகை. தட்டையான சாவி, அதன் ஒரு விளிம்பில் மேடும் பள்ளமும். அமெரிக்கரான லைனஸ் யேல், தகப்பனாரும் மகனுமாக, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கியது. மகன் 1861-ல் காப்புரிமை வாங்கினார். கருத்து என்னவோ பழையதுதான். எகிப்தியர்கள் மரத்தில் தாழும் மரத்தில் முளையுமாக ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செய்து வைத்திருந்தார்கள். யேல் பூட்டில் சாவி நுழையும் உருளை ஒன்று, அதைச் சுற்றி உடல். உடலிலிருந்து உருளைக்குள் இறங்கும் துளைகளில் ஸ்பிரிங் அழுத்தும் முளைகள். ஒவ்வொரு முளையும் இரண்டு துண்டு. சரியான சாவி உள்ளே போனால், எல்லா முளைகளிலும் இரு துண்டும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு சரியாகப் பொருந்தும்; உருளை சுழலும். தவறான சாவியென்றால் ஏதோ ஒரு முளை விளிம்பைக் கடந்து குறுக்கே நிற்கும்.

ஐந்து முளைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் என்று வைத்தால், 6 × 6 × 6 × 6 × 6 = 7,776 விதமான சாவிகள் சாத்தியம். நடைமுறையில் சில சேர்க்கைகளைத் தள்ளிவிடுவார்கள் (பள்ளத்துக்குப் பக்கத்திலேயே பெரிய மேடு வந்தால் சாவி உள்ளே வழுக்கிப் போகாது), ஆனாலும் ஆயிரக்கணக்கில் மிஞ்சும். விலை மலிந்த சின்னப் பூட்டில் நான்கு முளைகள், நான்கே உயரங்கள் என்றால் என்ன ஆகும்? 256. அவ்வளவுதான்.

256 கூடப் பரவாயில்லையே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே தெருவில் இருபது வீட்டுக்காரர்கள் அதே கம்பெனியின் அதே ரகப் பூட்டை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். 256 வகைகளில் எது வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் வந்திருக்கலாம். இருபது பேரில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே சாவி வாய்த்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு? பலர் ஏழெட்டுச் சதவீதம் என்பார்கள். உண்மையில் ஏறக்குறைய 53 சதவீதம். இருபது பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 190 ஜோடிகள்; ஒவ்வொரு ஜோடியும் ஒரு தனி வாய்ப்பு. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்ற புகழ்பெற்ற கணக்கும் இதே குடும்பம். அதே இருபது பேர் 7,776 வகையுள்ள பூட்டு வாங்கியிருந்தால் வாய்ப்பு இரண்டரைச் சதவீதத்துக்குள் இறங்கிவிடும். “எங்க வீட்டுச் சாவி எதிர் வீட்டுப் பூட்டுக்குச் சேருதுங்க” என்று யாராவது சொன்னால் வாயைப் பிளக்க வேண்டாம். மலிவுப் பூட்டு விற்கும் ஊரில் அது நடந்தே தீரும்.

இதுவரை பார்த்தது, பூட்டு வாய் மூடியிருந்தால் உள்ள நிலைமை. இனி அது உளறும் இடம்.

7,776 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஐந்து முளைகளும் சேர்ந்தே சரியாக இருக்க வேண்டும், நான்கு சரியாகி ஒன்று தப்பானாலும் பூட்டு “இல்லை” என்று மட்டுமே சொல்லும், எது தப்பு என்று சொல்லாது என்ற நம்பிக்கையிலிருந்து. அந்த நம்பிக்கை பொய். உருளையில் ஐந்து துளைகளையும் ஒரே நேர்கோட்டில் அச்சுப் பிசகாமல் துளைக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு என்று இடமும் வலமும் விலகத்தான் செய்யும். அதனால் உருளையை லேசாகத் திருக முயன்றால், ஐந்து முளைகளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குத் தூக்கியதும் உருளை கண்ணுக்குத் தெரியாத அளவு சற்றே நகரும். அடுத்த முளை இறுகும். பூட்டு ஒவ்வொரு முளையைப் பற்றியும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிடுகிறது. ஆறு உயரங்கள், ஐந்து முளைகள். அதிகம் போனால் முப்பது முயற்சி. பெருக்கல் கூட்டலாகிவிட்டது. 7,776 எங்கே, 30 எங்கே!

தெருவோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் வேலை செய்வதும் இதை நம்பித்தான். சாவி தொலைந்த பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் பற்கள் இல்லாத வெறும் சாவி ஒன்றை எடுத்து அரத்தால் விளிம்பைப் பளபளப்பாக்குகிறார். பூட்டுக்குள் விட்டு, இறுக்கித் திருகி, மேலும் கீழும் ஆட்டி, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார். பளபளப்பின் மேல் ஊசி முனை அளவில் மங்கலாக இரண்டு மூன்று தடங்கள் விழுந்திருக்கும். இறுகிப்போன முளைகள் பதித்த தடம் அது. அந்த இடங்களில் மட்டும் இரண்டு இழுப்பு அரம் போடுகிறார். மறுபடி உள்ளே, மறுபடி வெயிலில். தடம் விழுந்தால் அங்கே இன்னும் ராவ வேண்டும். தடம் நின்றுவிட்டால் அந்த முளை சரியான உயரத்துக்கு வந்துவிட்டது. இனி அதைத் தொடக் கூடாது. ஒரு டீ ஆறுவதற்குள் சாவி தயார். அவரிடம் கேட்டால் “கைப் பழக்கம்தான் சார்” என்பார். பூட்டிடமிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் அந்தக் கைப் பழக்கம்.

உளறும் பூட்டை வைத்தே ஒரு பெரிய கூத்து 1851-ல் லண்டனில் நடந்தது. ஜோசப் பிராமா என்ற பொறியாளர் 1784-ல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அந்தப் பூட்டு கடைக் கண்ணாடிக்குள் அறுபது ஆண்டுக்கு மேல் சவால் விட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று ஜெரமையா சப் 1818-ல் செய்த பூட்டு. அது இன்னும் கெட்டிக்காரத்தனமானது. யாராவது கள்ளத்தனமாகத் திறக்க முயன்று ஒரு தகட்டை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், அந்தப் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும்; பிறகு உரிமையாளர் சாவி போடும்போது, “யாரோ கை வைத்திருக்கிறார்கள்” என்று காட்டிக்கொடுக்கும். அதாவது, திருடனிடம் பேசாமல் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசும் பூட்டு. யோசனை என்னவோ அருமை. 1851-ல் லண்டன் உலகக் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். வீட்டுக்காரருக்காக வைத்த அந்த எச்சரிக்கையே, எந்தத் தகடு அளவு மீறியது என்று அவருக்கும் சொல்லிவிட்டது. பிராமா பூட்டு அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டிய பிறகு திறந்தது. திறக்கவே முடியாத பூட்டு தங்களிடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த பிரிட்டிஷ்காரர்களுக்குத் தூக்கம் போனது.

என்னைக் கேட்டால், அதில் ஜெயித்தது பிராமாதான். கள்ளன் 51 மணி நேரம் ஒரு வாசலில் உட்கார்ந்திருக்க முடியுமா? பூட்டு விற்பது பாதுகாப்பை அல்ல, நேரத்தை. அந்த நேரத்துக்குள் யாராவது பார்த்துவிட வேண்டும். பார்க்க ஆளில்லாத தெருவில் எந்தப் பூட்டும் இன்றோ நாளையோ திறக்கும். தமிழ்நாட்டுக் காவல்துறை வெளியூர் போகிறவர்களைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகச் சொல்வதற்கு இதுதான் காரணம். ரோந்து வருகிற போலீஸார் அந்த வாசலிலும் ஒருமுறை எட்டிப் பார்த்துப் போவார்கள். பூட்டு வாங்கிக் கொடுக்கும் நிமிடங்களுக்கு அப்போதுதான் மதிப்பு.

உளறும் பூட்டு இன்னொன்றும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் ‘மாஸ்டர் கீ’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் தனிச் சாவி. நிர்வாகியின் ஒரே சாவி எல்லா அறைகளுக்கும். ஒரு முளையை இரண்டு துண்டுக்குப் பதில் மூன்றாக வெட்டினால், இரண்டு உயரங்களில் அது வழி விடும். ஒன்று அறைக்காரருக்கு, ஒன்று நிர்வாகிக்கு. 2003-ல் மாட் பிளேஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், தகவல் குறியாக்கத்தில் பழகிய கண்ணால் இதைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். தன் அறைச் சாவியும் தன் அறைப் பூட்டும் கையில் இருக்கிற ஒருவர், ஒரு நேரத்தில் ஒரே ஒரு முளையின் உயரத்தை மட்டும் மாற்றிய சாவியைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு முளையின் இரண்டாவது உயரமும் தனித்தனியே தெரிந்துவிடும்; கட்டடம் முழுவதையும் திறக்கும் சாவியின் அளவு கிடைத்துவிடும். ஐந்து முளை, மாற்றிப் பார்க்க ஐந்து உயரம். மொத்தம் 25 முயற்சி. மீண்டும் அதே கூட்டல். பூட்டுக்காரர்களுக்கு இது முன்பே தெரியும், வெளியே சொல்லாமல் இருந்தார்கள் என்ற செய்தியும் அப்போது வெளிவந்தது. அதைப் பகிரங்கமாக்கியதற்கு அவர் வசவும் வாங்கினார்.

இவ்வளவு நுட்பமாக யார் திருடுகிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். நம் ஊரில் பூட்டைத் திறப்பவர்களைவிட உடைப்பவர்கள்தான் அதிகம். ஆகவே இரும்பின் கணக்கையும் பார்த்துவிடுவோம். சாதாரண இரும்புக் கம்பியைக் கத்தரிக்க, ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 30 கிலோ எடை அழுத்த வேண்டும். 8 மி.மீ. வளையத்தின் குறுக்குப் பரப்பு 50 சதுர மி.மீ. என்றால் 1,500 கிலோ. மலைக்க வேண்டாம். நீளக் கைப்பிடி உள்ள கம்பி வெட்டும் கருவி, கையின் விசையை ஐம்பது மடங்காக்கிவிடும். 30 கிலோ அழுத்தினால் போதும். வளையம் 12 மி.மீ. ஆனால்? விட்டம் ஒன்றரை மடங்கு, பரப்பு இரண்டேகால் மடங்கு. அதோடு, வெப்பமூட்டிக் குளிர்வித்துக் கடினமாக்கிய எஃகாக இருந்தால், வெட்டும் கருவியின் அலகே பள்ளமாகிவிடும். வளையத்தின் மேல் ‘ஹார்டண்டு’ என்று பொறித்திருப்பது இதைத்தான். வளையம் உடலுக்கு மேலே எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. கருவியின் அலகு நுழைய இடம் இருக்காது.

இவ்வளவும் பார்த்து எண்ணூறு ரூபாய்க்குப் பூட்டு வாங்கி வருகிறவர், அதை மாட்டும் கொண்டியைப் பார்ப்பதில்லை. உளுத்த நிலைக்கட்டையில், அரை அங்குலத் திருகாணி நான்கு போட்டுப் பொருத்திய தகரக் கொண்டி. கடப்பாரை முனையை இடுக்கில் விட்டு ஒரு நெம்பு. பூட்டு கீழே விழும்போதும் பூட்டியபடியேதான் விழும்.

பூட்டுக்கு மழையும் உப்பும் தனி எதிரிகள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வங்கக் கடல் நேர்கோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. சுற்றிலும் ஏரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் தண்ணீர் வடிந்த பிறகு, கேட்டுப் பூட்டுகள் பல கல்லாகிப் போயிருந்தன. பித்தளை உடல் துருப்பிடிக்காது என்பது சரி. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எஃகு, வளையமும் எஃகு. ஈரம் இருக்கும்போது பித்தளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் எஃகு, தனியாக இருப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பூட்டு மேல் பிளாஸ்டிக் கவர் கட்டுகிறார்களே, அது மழையைத் தடுக்கும், ஈரத்தை உள்ளேயே பிடித்தும் வைக்கும். தேங்காய் எண்ணெய் விடுவது அதைவிடத் தவறு. நாளாக ஆக அது பிசுக்காகித் தூசியைச் சேர்த்து முளைகளை ஒட்டிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒருமுறை. போதும்.

இரண்டு பூட்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பா? எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கோயில் உண்டியலில் இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து வைப்பார்கள். இருவரும் வந்தால்தான் திறக்கும். ஒரு மனை கேட்டில் சங்கிலி சுற்றி, அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று கோத்த மூன்று பூட்டுகளால் இணைத்திருந்தால் கதையே மாறிவிடும். மூவரில் யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அவிழும். பார்க்க மூன்று பூட்டு. பலம் அவற்றில் மட்டமானதன் பலம். கணினிக்காரர்கள் முதல் வகையை ‘அண்டு’ (மற்றும்) என்பார்கள், இரண்டாவதை ‘ஆர்’ (அல்லது). பாகப்பிரிவினை வழக்கில் இருக்கும் வீட்டில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பூட்டை ஒரே கொண்டியில் தொங்கவிட்டுப் போவதும் முதல் வகைதான். கோர்ட் தீர்ப்பு வரும்வரை அந்த வீட்டுக்குள் எலி மட்டும் போகும்.

இந்த ‘அண்டு’ பூட்டின் மிக உயர்ந்த பயன் பொருளைக் காப்பதில் இல்லை. தெருவில் கரண்ட் போனால், மின்வாரிய லைன்மேன் ‘லைன் கிளியர்’ வாங்கிக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் உள்ள ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை இறக்கிவிட்டுத்தான் கம்பம் ஏற வேண்டும். அவர் மேலே இருக்கும்போது, விவரம் தெரியாத யாரோ கைப்பிடியை ஏற்றிவிட்டால் அவ்வளவுதான். அதனால் அந்தக் கைப்பிடியில் பூட்டு. தொழிற்சாலைகளில் இதை இன்னும் கண்டிப்பான முறையாக்கியிருக்கிறார்கள். இயந்திரத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய தன் சொந்தப் பூட்டை மெயின் சுவிட்சில் மாட்ட வேண்டும். பல துளைகள் உள்ள ஒரு கொண்டி இதற்கென்றே இருக்கிறது. ஆறு பேர் இறங்கினால் ஆறு பூட்டு. ஒவ்வொருவர் சாவியும் அவரவர் பாக்கெட்டில். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை, மேலாளர் நினைத்தாலும் இயந்திரம் ஓடாது. அமெரிக்காவில் இதை 1989-ல் சட்ட விதியாகவே கொண்டுவந்தார்கள்.

வீட்டுப் பூட்டு “உள்ளே ஆள் இல்லை” என்கிறது; இந்தப் பூட்டு “உள்ளே ஆள் இருக்கிறான்” என்கிறது. இங்கே பூட்டு பேசுவதுதான் வேலையே. ஐம்பது ரூபாய்ப் பூட்டானாலும் போதும். அதை யாரும் உடைக்க வரப்போவதில்லை. பூட்டுகளிலேயே மிகவும் மரியாதைக்குரியது இதுதான் என்பேன். நம் கம்பங்களில் இது இன்னும் எல்லா இடத்திலும் முறையாக நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, இரும்பே இல்லாத ஒரு பூட்டு. இணையத்தில் ஒரு தளத்தைத் திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டுப் படம் தெரியும். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அந்தப் படத்துக்குப் பொருள் கிடையாது. தளம் நடத்துகிறவர் யோக்கியரா, அயோக்கியரா என்று அது சொல்லவில்லை. திருடனோடு நீங்கள் பேசும் பேச்சையும் அது அதே அக்கறையோடு பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் மக்கள் அதை “நம்பகமான இடம்” என்று படித்தார்கள். கூகுளின் குரோம் உலாவிக் குழுவினர் 2021-ல் நடத்திய ஆய்வில், பங்கேற்றவர்களில் 11 சதவீதம் பேருக்கு மட்டுமே அந்தப் படத்தின் சரியான பொருள் தெரிந்திருந்தது. மோசடித் தளங்களும் ஏறக்குறைய எல்லாமே பூட்டுப் படத்தோடு வர ஆரம்பித்துவிட்டதால், 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது. தவறாகப் பேசிய பூட்டு ஒன்று வேலையிழந்தது அப்போதுதான்.

வேறு சில உலாவிகளிலும் செயலிகளிலும் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. “மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்” என்று குறுஞ்செய்தி வந்து, அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் திறக்கும் பக்கத்திலும் இருக்கலாம். பூட்டைப் பார்க்காதீர்கள், முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால், பகுதி மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பணம் போய்விட்டால் அன்றே, முடிந்தால் அந்த மணிக்குள்ளேயே, 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் சொன்னால்தான் அதை வங்கியில் நிறுத்திவைக்க முடியும்.